விலை சொல்லாத வீட்டின் ஸ்போர்ட்ஸ் கார்

1

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமைக் காலை, இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் எங்கள் சமையலறை மேசையில் வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நாங்கள் இங்கே குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் நிறைந்த வாரம் அது. வீட்டில் உள்ள எல்லாவற்றையும் புதிதாக வாங்க நேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று படிவம் கேட்டது. ஒரு தொகையை எழுதினேன். பார்க்கக் கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டுக் குறைத்து எழுதினேன்.

எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த என் மகள் இனியா, பதினேழு வயதுக்காரி, "யாருமே பார்க்கலையே அம்மா, யாருக்காகக் குறைக்கிற?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் பன்னிரண்டு வயதிலிருந்தே என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் புரிந்துவிடுவதால் இருவருமே மாறவில்லை.

நான் பதில் யோசிப்பதற்குள் கைபேசி அடித்தது. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அப்பா.

"ஏன் கண்ணு, எந்திரிச்சாச்சா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன். இங்க மூணு நாளா மழை. பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரு கொஞ்சம் சாஞ்சுபோச்சு. நம்ம வண்டி மேல லேசா பட்டுச்சு. பெருசா ஒண்ணுமில்ல."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் ஓங்கிக் கேட்டது. "ஒண்ணுமில்லையாமா! மூஞ்சி பூராம் நசுங்கிக் கெடக்குது. நேத்துக் காத்தால இருந்து இவரு ஒரு வாய் சோறு திங்கல. ஒண்ணுமில்லையாமா!"

அப்பா மறுத்துப் பேசவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது.

2

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட, துணிக்கூரையை மடக்கி வைக்கக்கூடிய, இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அது எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா மோட்டார் பம்புகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை வைத்திருந்தார். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பம்பு பழுது பார்க்கப் போனவர், தார்ப்பாய்க்கு அடியில் ஓடாமல் கிடந்த இந்தக் காரைப் பார்த்துவிட்டார். ஊரை விட்டுப் போகவிருந்த தோட்ட மேலாளர் அதைக் கொடுத்துவிட இசைந்தார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது, எதிர்ப் பட்டறைக்காரர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, நீங்களும் ஊட்டுக்காரம்மாவும் உக்காந்துட்டா, புள்ளைங்க ரெண்டையும் எங்கீங்க கட்டித் தொங்க உடுவீங்க?"

எங்களைத் தொங்க விடவில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் பெட்டி வைக்க ஒரு பலகை அளவு இடம் உண்டு. தம்பியும் நானும் முழங்காலை மடக்கிக்கொண்டு அதில்தான் வெள்ளகோவிலுக்குப் போவோம். அப்பாவின் சொந்த ஊர் அது. காங்கயம் தாண்டினால் அடிக்கும் காற்றில் என் பின்னல் தம்பியின் முகத்தில் அடிக்க, அவன் அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வான்.

இங்கே குடியேறிச் சில ஆண்டுகள் ஆன பிறகு, அப்பா அனுப்பிய ஒரு புகைப்படத்தில் எஞ்சினருகே அடித்திருந்த தகட்டைப் படித்தேன். இந்தக் கார் செய்யப்பட்டது கவன்ட்ரியில். அது என் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, நான் அதன் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். இரண்டு பேருமே நல்ல கைகளில் விழுந்தோம் என்பதுதான் என் எண்ணம்.

இனி காப்பீடு. இத்தனை பழைய வண்டிகளுக்கு எங்கும் விலைப்பட்டியல் கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே அதன் மதிப்பு. ஆண்டுதோறும் முகவர் படிவத்தோடு வருவார். காபி வரும். பிறகு நடக்கும் உரையாடலை நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"எவ்வளவுங்க போடலாம்?"

"அது கெடக்குது பழைய வண்டி. நீங்களே பாத்துப் போடுங்க."

"போன வருசம் ரெண்டு லட்சமுங்க."

"ரெண்டே அதிகந்தானுங்க. செரி, இருக்கட்டும்."

இது பிரீமியத்தை மிச்சம் பிடிக்கும் தந்திரம் அல்ல. இரட்டிப்பாகக் கட்டச் சொன்னாலும் அப்பா கட்டியிருப்பார். நம் பொருளுக்கு நாமே பெரிய விலை சொல்வது எங்கள் பக்கத்தில் நாகரிகமில்லை, அவ்வளவுதான். விளைச்சல் எப்படி என்று கேட்டால் "ஏதோ பரவால்லீங்க" என்போம். மகள் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாலும் "ஏதோ படிக்கறாளுங்க" என்போம். கேட்பவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டார், மனதுக்குள் கூட்டிப் போட்டுக்கொள்வார். இந்தக் கூட்டல் தெரிந்தவர்களுக்குள் வாழும்வரை பணிவால் ஒரு நட்டமும் இல்லை.

3

கூட்டிப் போட்டுக்கொள்ளத் தெரியாத ஊருக்கு நான் வந்தேன். சமூகப் பணியில் முதுகலைப் பட்டம், கோவையில் ஆறாண்டு அனுபவம். கவன்ட்ரியில் முதல் நேர்காணலில், முதியோர் பராமரிப்புத் திட்டங்கள் பற்றி எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள். "கொஞ்சம் தெரியும்" என்றேன். கேட்டவர் நல்ல மனிதர். நான் சொன்னதை முழுமையாக நம்பி, கொஞ்சம் தெரிந்தவருக்குரிய பணியையே கொடுத்தார். மூன்றாண்டுகள் அதில் இருந்தேன்.

பிறகு மார்கரெட் என்ற மேலாளர் வந்தார். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில், "குழுவுக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்தேன்" என்று நான் எழுதியதை அவர் திருப்பி அனுப்பினார். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் திருப்பினார். மூன்றாம் முறை என் இருக்கைக்கே வந்து, "இந்த வருடம் உன்னால் எத்தனை முதியவர்கள் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்க முடிந்தது? அதை எழுது. நீ எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு இந்தத் திட்டத்துக்கே நிதி வராது" என்றார். என் பணிவுக்கான செலவை யாரோ ஒரு மூதாட்டி கட்டப்போகிறார் என்று அன்று விளங்கியது. மார்கரெட் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவருக்கு நான் பட்ட கடனை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி பீட்டர் இருக்கிறார். பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் ஒரு பழைய இரண்டு இருக்கைக் கார் உண்டு. வசந்தம் வந்தால் அதைப் பல கோணங்களில் படம் எடுப்பார். பழைய கார் சங்கத்தின் நிபுணரை அழைத்து மதிப்பிடச் சொல்லிக் கடிதம் வாங்குவார். அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, தொகையை எழுத்தில் உறுதி செய்துகொள்வார். தெருவில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அந்தத் தொகையைச் சொல்வார். முதல் சில ஆண்டுகள் அவரைத் தற்பெருமைக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

சுவர் விழுந்த செய்தியை அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அப்பாவின் காருடைய படத்தை நெடுநேரம் பார்த்தார். "எவ்வளவுக்குக் காப்பீடு?" என்று கேட்டார். பவுண்டில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அது ஸ்டியரிங் சக்கரத்துக்கு. காருக்கு எவ்வளவு?" என்றார்.

4

டிசம்பர் விடுமுறைக்கு இனியாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கணவருக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. இனியாவும் முதலில் வர மறுத்தாள், நண்பர்களோடு வேறு திட்டம் வைத்திருந்தாள். "அப்புச்சி சரியாச் சாப்பிடறதில்லையாம்" என்று சொன்ன பிறகு பெட்டியை எடுத்து வைத்தாள். தாய்வழித் தாத்தாவை எங்கள் பக்கத்தில் அப்புச்சி என்போம். அவளிடம் மிச்சமிருக்கும் தமிழில் அந்தச் சொல் பத்திரமாக இருக்கிறது.

நாங்கள் போன இரண்டாம் நாள், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் நியமித்த சர்வேயர் வந்தார். அப்பாவின் அழைப்பில் சாதிக் பாயும் வந்திருந்தார். கோவை கோட்டைமேட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர். வண்டிகளின் நசுங்கிய தகடுகளைத் தட்டி உருவம் கொடுக்கும் வேலை. கார் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன் உடம்பில் அவர் கை படாத இடமில்லை. அப்போது அவருக்கு இருபது வயதிருக்கும், இப்போது அறுபதை நெருங்குகிறார்.

சர்வேயர் காரைச் சுற்றி வந்து படமெடுத்தார். எஞ்சினை மூடும் அலுமினிய பானெட் நடுவில் குழிந்திருந்தது. இடது மட்கார்டு சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தது. ரேடியேட்டரும் முன்கண்ணாடியும் போய்விட்டன. அவர் சாதிக் பாயைப் பார்த்து, "எஸ்டிமேட் எவ்வளவுங்க?" என்றார்.

பாய் அப்பாவை ஒரு முறை பார்த்தார். "ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆகுமுங்க."

சர்வேயர் குறிப்பேட்டை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் நிதானமாக, எங்களுக்குப் புரியும்படி சொன்னதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

"ஐயா, வண்டியோட மதிப்பு ரெண்டு லட்சம்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்க. பழுது பாக்கற செலவு அதுல முக்கால் பங்கைத் தாண்டுச்சுன்னா, அதாவது ஒண்ணரை லட்சத்தைத் தாண்டுச்சுன்னா, மொத்த நட்டம்னுதானுங்க நான் எழுதோணும். ரெண்டு லட்சத்துக்குக் கணக்கு முடிச்சிருவாங்க. ஆனா ஆர்.சி. புக்கை ஒப்படைச்சு, வண்டிப் பதிவை ரத்துப் பண்ணோணும். அதுக்கப்புறம் இது ரோட்டுல ஓட முடியாதுங்க."

"இது இரும்பு சாமானுங்களா?" என்றார் அப்பா மெதுவாக.

"பேப்பர்ல அப்படித்தானுங்க ஆகும்."

"மதிப்பை இப்ப மாத்திக்க முடியாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"சேதம் ஆனதுக்கப்புறம் முடியாதுங்க. வேணும்னா க்ளெய்மை வாபஸ் வாங்கிக்கலாம். ஆனா ஒரு ரூபா வராது, முழுச் செலவும் உங்களுது. அவசரமில்லைங்க, யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லுங்க."

அப்போது சாதிக் பாய் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்ணா, நாஞ் சொன்னதுல கொஞ்சம் கூடிப்போச்சுங்க. ஒண்ணு நாப்பதுக்கே செஞ்சுபோடலாம். அப்படியே எழுதிக் குடுத்தர்றேன்."

சர்வேயர் அவரைக் கூர்ந்து பார்த்தார். "எழுதிக் குடுத்தா அந்த விலைக்குத்தான் செய்யோணும் பாய். பின்னால ஏத்த முடியாது."

"ஏத்தமாட்டேனுங்க."

அப்பாவின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு இரத்தம் ஓடியதாக அம்மா சொன்னார். அன்று மதியம் அப்பா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

5

இந்த ஏற்பாட்டை நான் முழுமனதோடு ஆதரித்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். எந்த முடிவையும் அதன் விளைவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் இளையவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். அன்று நானும் நிறுத்துப் பார்த்தேன். கார் பிழைக்கிறது. நிறுவனத்துக்குப் பொய் சொல்லவில்லை, பாய் உண்மையிலேயே அந்த விலைக்குத்தான் செய்யப்போகிறார். அப்பா சாப்பிடுகிறார். யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை இனியா கேட்டாள்: "அந்த மாமா முதல்ல ஒண்ணு அறுபது சொன்னார். பிறகு ஒண்ணு நாற்பது. நடுவில் கார் மாறவில்லையே. எது மாறியது?"

"பெரிய மனசு" என்றேன்.

"யாருடைய பணத்தில்?"

நான் எரிச்சலடைந்தேன். இந்த ஊரின் உறவுகளை உன் பள்ளிக்கூடத் தர்க்கத்தால் அளக்காதே என்று சொன்னேன். நாற்பதாண்டுப் பழக்கம், அப்பா அவரை ஒருநாளும் குறைய விட்டதில்லை, கேட்பதற்கு மேலேயே கொடுப்பார் என்றேன்.

"அவர் எவ்வளவு கேட்பார்?"

சாதிக் பாய் ஒரு தொகையைக் கேட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் அப்பா, "எவ்வளவு ஆச்சுங்க பாய்?" என்பார். "பாத்துக் குடுங்கண்ணா" என்பார் அவர். அப்பா ஓர் உறையைக் கொடுப்பார். பாய் அதைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். இருவரும் டீ குடிப்பார்கள். இதைவிடக் கண்ணியமான கொடுக்கல் வாங்கல் உலகில் இல்லை என்று நம்பி வளர்ந்தவள் நான்.

6

கையெழுத்திட்ட எஸ்டிமேட்டை வாங்குவதற்காக அப்பா, இனியா, நான் மூவரும் கோட்டைமேட்டுக்குப் போனோம். பட்டறை வாசலில் கதவு நசுங்கிய ஆட்டோ ஒன்றும், பள்ளி வேன் ஒன்றும் நின்றன. பாய் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். எழுதி வைத்திருந்த தாளை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

இனியா தன் உடைந்த தமிழில் குறுக்கிட்டாள். "மாமா, எத்தனை நாள் வேலை?"

"மூணு மாசமாவது ஆகும் கண்ணு. அலுமினியம் பாரு, அவசரப்பட்டா கிழிஞ்சுபோகும். பானெட்டை மட்டுமே ஒரு மாசம் மெதுவாத் தட்டோணும்."

"எத்தனை பேர்?"

"நானும் ரெண்டு ஆளுங்களும்."

"அவங்களுக்குச் சம்பளம்?"

பாய் சிரித்தார். "என்ன அம்மணி, உங்க பொண்ணு இன்கம்டாக்ஸ்ல இருக்குதுங்களா?"

இருந்தாலும் அவள் கேட்கக் கேட்கச் சொன்னார். ஆட்களின் கூலி, அலுமினியத் தகடு, ரேடியேட்டர், சொல்லிச் செய்ய வேண்டிய கண்ணாடி, பெயின்ட். அவள் ஒவ்வொன்றாகக் கைபேசியில் போட்டுக் கூட்டினாள். கூட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமா, ஒண்ணு நாற்பது முன்னாடியே தாண்டிடுச்சு. உங்க மூணு மாசம் இதுல இல்லவே இல்லையே. நீங்க கையில இருந்து போடுவீங்களா?"

"அட, அதெல்லாம் ஆட்டோ வேன் வேலையில வர்றதை வெச்சு ஓட்டிக்கலாம் கண்ணு. எப்பவும் அப்படித்தானே."

அவர் வெகு இயல்பாகச் சொன்னார். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். டீ டம்ளர்களை நகர்த்தி வைத்தார்.

அப்பா தாளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். "எப்பவுமேவா பாய்?"

"அதை உடுங்கண்ணா."

"இல்லீங்க, சொல்லுங்க. எஞ்சின் மூடியைத் தட்டுனீங்களே, கூரைச் சட்டம் செஞ்சீங்களே, அப்பவெல்லாமா?"

"சிலசமயம் பத்தும், சிலசமயம் பத்தாதுங்க. நீங்க பாத்துக் குடுத்ததை நான் எண்ணிக்கூடப் பாக்கறதில்ல. ஊட்ல அவதான் எண்ணுவா. எண்ணிட்டு ஒண்ணும் சொல்லமாட்டா."

வெளியே அந்த ஆட்டோவின் கதவை யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

விலை சொல்வது அநாகரிகம் என்று இரண்டு பேர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தால், இருவரும் சமமாகத்தான் இழப்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. இழப்பு சத்தமில்லாமல் நகர்ந்து, குறைவாக வைத்திருப்பவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஒரு பெண் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். என் அப்பா நல்லவர், சாதிக் பாயும் நல்லவர். இரண்டு நல்லவர்களின் பணிவுக்கு நடுவில் இது நாற்பதாண்டுகள் நடந்திருக்கிறது. என் பட்டமும் என் பயிற்சிகளும் அதைப் பார்க்கவில்லை. இந்த ஊரின் கூச்சம் பழகாத என் மகள் ஒரே காலையில் பார்த்துவிட்டாள். அவள் என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று வருந்திக்கொண்டிருந்தேன். கொஞ்சம் விலகி நின்றதால்தான் அவளுக்குத் தெரிந்தது போலும்.

அப்பா எஸ்டிமேட்டை நான்காக மடித்துத் தன் பையில் போட்டார்.

"பாய், இன்னைக்கு உங்க விலையைச் சொல்லாம நான் எந்திரிக்கமாட்டேன்."

"அண்ணா, ஒரு மாதிரி கூச்சமா இருக்குதுங்க."

"எனக்கும் கூச்சமாத்தான் இருக்குது. சொல்லுங்க."

"நீங்களே பாத்து..."

"நான் பாத்த லட்சணந்தான் தெரிஞ்சுபோச்சே!"

பாய் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இனியாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளிடம் பொருள்களின் விலைக்கு மேல் தன் நாள் கூலியை, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது போன்ற குரலில் சொன்னார். அவள் கூட்டிக் கைபேசியை அப்புச்சியிடம் கொடுத்தாள். நான்கு லட்சத்துப் பத்தாயிரம்.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். "செரிங்க பாய்" என்றார். "இந்த விலையை எழுதுனா வண்டி இரும்பு சாமானாயிரும். க்ளெய்ம் வேண்டாம். வண்டியை நாளைக்கே எடுத்துக்குங்க."

வீட்டுக் குளியலறையை மாற்றிக் கட்ட வைத்திருந்த தொகை அதில் போயிற்று. மீதியை நான் தருவதாகச் சொன்னபோது, வழக்கம்போல மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். "எவ்வளவு தருவே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

க்ளெய்மைத் திரும்பப் பெறுவதும் எளிதாக இல்லை. ஆர்.சி.யில் அப்பாவின் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலுவலகத்துக்கு இரண்டு முறை போனோம். "பணம் வேணும்னு வர்றவங்களைத்தானுங்க பாத்திருக்கேன். வேண்டாம்னு சொல்றதுக்கு எந்த ஃபாரம்னு எனக்கே தெரியலீங்களே" என்றார் அங்கிருந்த பெண். கடைசியில் சர்வேயரே வந்து, வெள்ளைத்தாளில் எழுதினால் போதும் என்று வழிசொன்னார். அவருக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை.

7

நாங்கள் கவன்ட்ரிக்குத் திரும்பினோம். சாதிக் பாய் வாரந்தோறும் இனியாவுக்குப் படங்களை அனுப்பினார், கீழே நாள் கணக்கோடு. அவள் தமிழில் பதில் எழுதினாள். எழுத்துகள் எட்டுத் திசையிலும் சாய்ந்திருந்தன, ஆனால் எழுதினாள். படங்களை பீட்டரிடம் காட்டினேன். பானெட்டின் வளைவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவரின் பெயரைக் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டார்.

வேலை முடிந்ததும், பழைய கார்களை மதிப்பிடும் ஒருவரை அழைத்துப் பார்க்கச் செய்து, அப்பா புதிய காப்பீடு எடுத்தார். மதிப்பீடு இருபத்திரண்டு லட்சம். அப்பா அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, ஒரு சைபர் சேத்தி அடிச்சுப்போட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அறிக்கையில் ஒரு வரி இருந்தது: கையால் செய்யப்பட்ட உலோகப் பணி மிக உயர்ந்த தரம் என்று. அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துப் பாயிடம் கொடுத்தாராம்.

மே மாதம் ஒரு ஞாயிறன்று காரை எடுத்துவர அப்பா பேருந்தில் கோட்டைமேட்டுக்குப் போனார். எப்போதும் பாய்தான் ஓட்டிக்கொண்டுவந்து விட்டுவிட்டு, பேருந்தில் திரும்புவார். அன்று அப்பா சாவியை வாங்கிக்கொண்டு அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னார்.

அன்று மாலை, இங்கே மதியம், அப்பா தொலைபேசியில் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதுகிறேன். அருகில் இனியாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"துடியலூர் தாண்டறப்ப பாய் சொல்றாரு, 'அண்ணா, இத்தனை வருசத்துல இதுக்கு அடியில படுத்திருக்கறேன், ஓட்டிப் பாத்திருக்கறேன். சும்மா உக்காந்து வந்ததே இல்லீங்க'ன்னு. அட ஆமான்னு நெனச்சுட்டு ஓட்டறேன். அஞ்சு நிமிசம் ஆகல, காதைத் தீட்டிக்கிட்டு, 'ஏதோ ஒரு சத்தம் கேக்குதுங்க, நிறுத்துங்க, எறங்கிப் பாத்தர்றேன்'ங்கறாரு."

"நிறுத்துனீங்களா?" என்றேன்.

"நிறுத்துவனா? 'பாய், சும்மா உக்காருங்க'ன்னு சொல்லிப்போட்டு, நம்ம ஊட்டு வாசலையும் தாண்டி, காரமடை வரைக்கும் ஓட்டிப்போட்டேன்."